இடுப்பளவுத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து பிறந்தது. மனுவை எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் "அட, இவன்தானா?" என்று உங்களை வாய் பிளக்க வைப்பதற்காக எதையாவது ஒளித்து ஒளித்து எழுதவேண்டியிருக்கும். ஒளித்தது போதும்.

பதினைந்து வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் கதையைப் படித்துவிட்டு ஒரு மனிதர் தன் வீட்டு ஜன்னலைத் திறந்தார், மூடினார் என்றுகூட இதுவரை தகவல் இல்லை. ஒன்றரைப் பக்கம் மனு எழுதினேன், ஐந்தே நாளில் பலித்துவிட்டது. இத்தனைக்கும் அதில் ஒரு உவமைகூடக் கிடையாது.

பலித்தது என்னவென்று கேளுங்கள். பாளையங்கோட்டையில், ஆற்றுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். [பெயர் வேண்டாம். அந்தப் பள்ளிக்கு நான் எழுதியது போதும்.] அங்கே யு.கே.ஜி. பிள்ளைகள் பத்தொன்பது பேரைச் செவ்வாயும் வியாழனும் வெளியே நடத்திக் கூட்டிப்போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் ஜெமிமா டீச்சர். மரத்தை எண்ணுவது, இலையைப் பெரிசு சிறிசாக அடுக்குவது, படித்துறையில் படி எண்ணுவது. என் மகள் கோமுவும் அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி. மனு போனது, நடை நின்றது. டீச்சர் நிர்வாகம் வைத்த தற்காலிக ஆசிரியை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் அவர் எழுத்துமூலம் விளக்கம் கொடுக்கவேண்டும். விளக்கம் ஒப்பவில்லை என்றால் வேலை போகும்.

போன வியாழக்கிழமை சாயங்காலம், மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெமிமா டீச்சர் என் வீட்டு வாசலில் நின்றார். எழுத்து வேலை எதுவானாலும் எங்கள் தெருவில் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். விளக்கம் எழுதித் தரச்சொல்லித்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

2

எங்கே தொடங்குவது?

முதல் தொடக்கம்: "பொதிகையில் பிறந்த தாமிரபரணி அன்று காலை பொன்னை உருக்கி ஊற்றியதுபோல..." அடித்துவிட்டேன். திருநெல்வேலிக்காரன் எவன் எழுத உட்கார்ந்தாலும் அவனுக்கு முன்னால் ஆறு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது: "குழந்தைகள் மலர்கள். அந்த மலர்களுக்குக் கணிதம் என்னும்..." சீ. பத்தொன்பது பேரில் ஒன்றுகூட மலர் இல்லை. எஸ்றா என்று ஒரு பயல் இருக்கிறான். அவன் கடிப்பான்.

மூன்றாவது: "கயிறு எங்கலே?" என்று ஜெமிமா கத்தினாள்.

இது பரவாயில்லை. இதிலேயே போகிறேன். [மேலே 'அவர்' என்றவன் இங்கே 'அவள்' என்கிறேன், பார்த்தீர்களா? நேரில் கண்டால் எழுந்து நிற்கிற ஆள்தான் நான். கதைக்குள் நுழைந்தால் இந்தத் திமிர் வந்துவிடுகிறது.]

"கயிறு எங்கலே?" என்று ஜெமிமா கத்தினாள். பத்தொன்பது முடிச்சுப் போட்ட கயிறு. முடிச்சுக்கு ஒரு பிள்ளை. எஸ்றா அதைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு கேட் அருகே நின்றான். அவிழ்க்கவே ஐந்து நிமிஷம் ஆனது. காலை ஒன்பதரைக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெமிமாவுக்குத் தொண்டை கட்டி மூன்று நாளாகிறது. பேசாமல் வகுப்பிலேயே உட்கார்த்தி ஒன்று, இரண்டு எழுதச் சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இந்த இடத்தில் அவளுக்குத் தோன்றும்.

"முடிச்ச விடாதலே. டார்லின், பைய நட, உன்னய யாரும் தொரத்தல."

கோயில் மதில் வந்ததும் நிறுத்தினாள். வெள்ளை, காவி, வெள்ளை, காவி என்று பட்டை பட்டையாக ஓடியது மதில். நடுவில் யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைக் குறுக்கே ஒட்டியிருந்தார்கள். சரியாக ஒரு பட்டை மறைந்திருந்தது.

"போஸ்டருக்கு அடில என்ன கலர் இருக்கும்?"

"செத்த தாத்தா இருக்காரு" என்றான் எஸ்றா.

"அது மேலலே. அடில என்ன இருக்கும்?"

டார்லின் போஸ்டருக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "காவி டீச்சர்."

"எப்படிட்டி சொல்லுத?"

"இந்தப் பக்கமும் வெள்ளை. அந்தப் பக்கமும் வெள்ளை."

[மிஷன் பள்ளி டீச்சர் கோயில் மதிலை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று மனுவில் எழுதச்சொல்லி யாரும் கேட்கவில்லை. இதையாவது எங்கள் ஊருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.]

பிறகு படித்துறை. அங்கே ஜெமிமாவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஈரப் படிக்கு மேலே மூன்று படி விட்டுத்தான் நிற்கவேண்டும். அதற்குக் கீழே ஒரு கால் இறங்கினாலும் அடுத்த வாரம் நடை கிடையாது. மேலிருந்து எண்ணிக்கொண்டே எட்டுப் படி இறங்கினார்கள். மிச்சம் மூன்றைக் கண்ணாலேயே எண்ணினார்கள். எட்டுக்கு மேல் மூன்று, பதினொன்று. செவ்வாய்க்கிழமை பதினொன்று.

புதன்கிழமை மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வியாழக்கிழமை போய் நின்று எண்ணினால் ஒன்பதுதான் வருகிறது. மூன்று தடவை எண்ணினார்கள். ஒன்பதேதான்.

"டீச்சர், ரெண்டு படியக் காணும்!" என்று அலறினாள் கோமு.

"எங்கன போச்சு?"

"ஆறு எடுத்துட்டு டீச்சர்."

"எத்தனைய எடுத்துட்டு?"

"ரெண்டு. பதினொண்ணுல ரெண்டு போச்சு. அங்கன தண்ணிக்குள்ள இருக்கு."

ஜெமிமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. [சிலிர்த்ததா? எனக்கு யார் சொன்னது? நான் அந்த நடைக்கு ஒருநாள்கூடப் போனதில்லை. கோமு வந்து சொன்னதை வைத்துத்தான் இவ்வளவும். சிலிர்ப்பை வேண்டுமானால் நீங்கள் அடித்துவிடலாம். கட்டிய தொண்டை உண்மை.]

3

இந்த இடத்தில் என் மனைவி விஜயஸ்ரீ எட்டிப் பார்த்தாள். இதுவரை எழுதியதில் அவள் கையில் கொடுத்தது இரண்டாம் பகுதியை மட்டும்தான். முதல் பகுதியை ஒரு தடித்த புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தேன்.

"டீச்சர் ஏன் இவ்வளவு கத்துதாங்க? படிக்கவங்களுக்குப் பிடிக்கணும்லா?" என்றாள்.

நியாயம்தான். கதையில் வருகிற நல்ல டீச்சருக்குக் குரல் தேன் மாதிரி இருக்கவேண்டும், புடவை கசங்கக்கூடாது, பிள்ளைகள் காலைக் கட்டிக்கொள்ளவேண்டும். ஜெமிமா அதற்கெல்லாம் லாயக்குப்படாத பாத்திரம். கத்துவார். பெற்றோர் கூட்டத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். என் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று ஒருதடவை கேட்டதற்கு, "படிக்கது இருக்கட்டும் சார், மூக்கச் சிந்தக் கத்துக்குடுங்க" என்று சொன்னவர். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு வாசகருக்கு எப்படிக் கண்ணீர் வரவழைப்பது? எரிச்சல்தான் வருகிறது.

பிள்ளைகளை நடத்திக்கொண்டு போவதற்கு ஏதோ பெரிய கல்விக் கொள்கை காரணம் என்று எழுதத் தொடங்கினேன். "குழந்தையை மையமாகக் கொண்ட கற்றல்முறையில் அவளுக்கிருந்த..." இல்லை. அப்படி எதுவும் கிடையாது. போன வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்தபோது அவரே காரணம் சொன்னார். சொன்னபடியே போடுகிறேன்:

"ரெண்டு வருஷம் முன்னால ஒரு பய இருந்தான் சார். நூறு வரைக்கும் அச்சடிச்ச மாதிரி எழுதுவான். அவன் நோட்டத்தான் எல்லாருக்கும் காட்டுவேன். ஒருநாள், லே, நாலு சாக்பீஸ் எடுத்துட்டு வான்னேன். ரெண்டு கையிலயும் அள்ளிட்டு வந்து நிக்கான். நாலு கேட்டேன்லேன்னேன். போர்டுல நாலுன்னு அழகா எழுதிக் காட்டுதான். கையில இருக்கதுல நாலு எதுன்னு அவனுக்குத் தெரியல. எனக்கு அன்னைக்கு வெறுத்துப் போச்சு."

அவ்வளவுதான் காரணம். கொள்கையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒரு டீச்சருக்குத் தன் வேலைமேல் வந்த வெறுப்பு.

4

இனி தாளாளர் ஞானையா. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கெட்டவர் இல்லை. [கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!] படி இரண்டு காணாமல்போன மறுநாள், வெள்ளிக்கிழமை, யு.கே.ஜி. வகுப்புக்குள் அவர் வந்தார். நடையெல்லாம் எப்படிப் போகிறது என்று அன்பாகவே விசாரித்தார். பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படித்துறையில எத்தனை படி இருக்கு? யாரு சொல்லுவா?"

பத்தொன்பது பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "என்னைக்கு ஐயா?"

ஞானையாவின் முகம் மாறியது. "என்னைக்குன்னா? நேத்து ஒரு படி, இன்னைக்கு ஒரு படியா?"

"செவ்வாக்கிழமை பதினொண்ணு ஐயா. வியாழக்கிழமை ஒம்போது" என்றாள் கோமு.

"ஏம்மா ஜெமிமா, கல்லுப் படி எங்கனயாவது கூடிக் குறையுமா?"

"படி குறையல ஐயா. தண்ணி கூடிருக்கு."

"அப்போ எது சரியான விடை?"

"ரெண்டும்தான்."

"நாப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்திருக்கேன். ஒரு கணக்குக்கு ரெண்டு விடை வராதும்மா."

[வரும். இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடை வரும் என்று பத்தாம் வகுப்பில் நானே படித்திருக்கிறேன். யாருக்குத் தெரியும், எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே ஞானையா சாராக இருக்கலாம்.]

ஜெமிமா அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பத்தொன்பது பிள்ளைகளும் சரியாகச் சொன்ன விடையைத் தப்பு என்று ஒரு ஆள் சொல்லிவிட்டுப் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. "நீங்க ஒருநாள் வந்து எண்ணிப் பாருங்களேன் ஐயா" என்றாள். ஞானையாவுக்கு முழங்கால் வலி என்பது ஊருக்கே தெரியும். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். அடுத்த வாரம் மனு வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அதைப் பாதி நம்பத் தயாராகத்தான் இருந்தார்.

5

மனுவுக்கு வருகிறேன். வந்துதானே ஆகவேண்டும்.

முதலில் என் வீட்டு நிலைமை. இந்த நடை தொடங்கியதிலிருந்து கோமு எண்ணாத பொருள் கிடையாது. பேட்டையில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருந்த நேரத்தில், ஊருக்கே கேட்கிற குரலில், "அப்பா, அழுதவங்க ஆறு பேரு. அழாதவங்க இருவத்திமூணு. ஒரு அத்த மட்டும் அழுதுட்டே போன் பாக்காங்க. அவங்கள எதுல சேக்க?" என்றாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பந்தலுக்கு வெளியே வந்ததும், "இப்போ ரெண்டு பேரு குறைஞ்சிட்டு" என்றாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது விஜயஸ்ரீயின் அண்ணன் நடராஜ் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. நடராஜின் பையனும் யு.கே.ஜி., வேறு பள்ளி. ஐந்நூறு வரைக்கும் எழுதிய நோட்டைப் பந்தியில் சுற்றுக்கு விட்டார்கள். "ஏட்டி, நீ எத்தனை வரைக்கும் எழுதுவ?" என்று கோமுவைக் கேட்டான் நடராஜ். "இருவது வரைக்கும் மாமா" என்றாள் அவள், ஒரு கூச்சமும் இல்லாமல். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு விரலை மடக்கத் தொடங்கினாள். "எங்க அப்பா ஒம்போது கதை அனுப்பினாங்க மாமா. ரெண்டு புக்குல வந்துச்சு. அப்போ ஏழு வரல."

கழித்தல் சரி. ஐந்து வயதுப் பிள்ளை யாரும் கேட்காமல் தானாகப் போட்ட கழித்தல். நடராஜுக்குச் சிரித்துச் சிரித்து ரசம் புரையேறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வரல, ஏழு வரல என்று வீடு வரும்வரை காதுக்குள் ஓடியது.

ஆக, என் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்ற கவலையில் நான் மனு எழுதவில்லை. கணக்கு வந்துவிட்டது என்ற ஆத்திரத்தில் எழுதினேன். எழுதிப் பார்த்த பிறகுதான் இது எனக்கே தெரிகிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளே செந்தூர்பாண்டி வந்தார். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், அவர் மகளும் கோமு வகுப்பு. பிள்ளைகள் நோட்டில் எழுத்தே இல்லை, பெற்றோர் சேர்ந்து ஒரு மனு கொடுக்கப்போகிறோம், எழுதித் தரவேண்டும் என்றார். நான் ஓர் அலுவலகத்தில் கிளார்க். நாள் முழுக்க அடுத்தவர் மனுவைப் படிப்பதுதான் தொழில். முதல் பிரதி எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் இருபதுக்கு மேல் எழுதவில்லை, நடையைக் குறைத்து எழுத்துப் பயிற்சியைக் கூட்டவேண்டும். அவ்வளவும் உண்மை.

செந்தூர்பாண்டி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அண்ணாச்சி, இதுல காரமே இல்லையே. வாசிச்சா எனக்கே கோவம் வரலையே."

அது ஒரு பெற்றோர் சொன்னதாக என் காதில் விழவில்லை. ஒரு வாசகர் சொன்னதாக விழுந்தது. கசக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதினேன். வெயில் என்று எழுதினேன், வாகன நெரிசல் என்று எழுதினேன். அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. எட்டாவது பிரதியில் இந்த வாக்கியம் வந்து விழுந்தது:

"நீச்சல் அறியாத பச்சிளம் குழந்தைகளை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்திப் படிகளை எண்ணச் செய்வதாக அறிகிறோம்."

"அறிகிறோம்" என்பது எங்கள் அலுவலகத் தமிழில் தங்கமான சொல். யார் பார்த்தது, எப்போது பார்த்தது, எதுவும் சொல்லவேண்டாம். பொய் என்று நாளை நிரூபித்தாலும் எழுதியவன் மாட்டமாட்டான். இந்த வாக்கியத்தைப் படித்தபோது செந்தூர்பாண்டியின் கை நடுங்கியது. "அட பாவிகளா, இப்படியா செய்யுதாங்க?" என்றார். அவர் நம்பிவிட்டார். நான் அவரைத் திருத்தியிருக்கவேண்டும். ஒரு வாக்கியம் ஒரு மனிதனின் கையை நடுங்கவைத்ததைப் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். வாய் திறக்க மனசு வரவில்லை.

6

வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை. விஜயஸ்ரீ கோமுவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள்.

ஜெமிமா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கையிலிருந்த நகலை மேஜைமேல் வைத்தாள். [ஜெமிமாவின் பக்கமிருந்தே இதையும் எழுதப் பார்க்கிறேன். என் பக்கமிருந்து எழுத எனக்குத் தைரியம் கிடையாது.] எதிரில் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்ததை அவள் கவனித்தாள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"படிங்க சார்" என்றாள்.

அவர் படிப்பதுபோல் பார்வையை ஓட்டினார். தெரிந்த பாடத்தைப் படிக்கிற பிள்ளையின் கண் எப்படி ஓடும் என்று ஜெமிமாவுக்குத் தெரியும். பத்து வருஷமாக அதைத்தானே பார்க்கிறாள்.

"அநியாயமா இருக்கே டீச்சர்" என்றார் அவர். "நீங்க கவலப்படாதீங்க. வரிக்கு வரி மறுத்து நல்ல பதிலா எழுதித் தாறேன்."

"அந்தத் தண்ணி வரியில எனக்கு ஒரு சந்தேகம் சார். இடுப்பளவுன்னு போட்ருக்கு. யாரு இடுப்பு?"

"என்ன டீச்சர்?"

"யாரு இடுப்புன்னு கேக்கேன். கோமு இடுப்புன்னா மூணு படி. என் இடுப்புன்னா அஞ்சு படி. உங்களுக்கு இன்னும் கூட வரும். எதால அளந்தோம்னு சொல்லாம அளவு சொல்லக்கூடாதுன்னு யு.கே.ஜி. பிள்ளைகளுக்கே சொல்லிக்குடுத்திருக்கேன்."

அவர் நகலை மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"பெட்டிஷன் வர்றதுக்கு மொத நாள் கோமு வந்து சொன்னா சார். 'எங்கப்பா ஏழு பேப்பரக் கசக்கிப் போட்டாங்க டீச்சர். எட்டாவது பேப்பர செந்தூர்பாண்டி மாமாகிட்ட குடுத்துட்டாங்க. எட்டுல ஏழு போனா ஒண்ணு'ன்னா. சரியாச் சொன்னட்டின்னு தட்டிக்குடுத்தேன். வகுப்புல எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். என்ன பேப்பருன்னு அப்போ எனக்குத் தெரியாதுல்லா."

இந்த இடத்தில் ஜெமிமா என்ன நினைத்தாள் என்று எழுத மூன்று தடவை முயன்றேன். முடியவில்லை. நானே எழுதுகிறேன், நானாகவே. அவர் அழவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். "மன்னிச்சிருங்க டீச்சர். பதில் நான் எழுதுறேன். இதவிட நல்லா எழுதுறேன்" என்றுதான் என் வாயில் வந்தது.

"வேண்டாம் சார்" என்றார். "நீங்க எழுதுனா அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

எத்தனையோ பேர் என் எழுத்தைத் திட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு பாராட்டை நான் வாங்கியதில்லை.

"என் பதில நானே எழுதிட்டேன் சார். எத்தனை படி, எவ்வளவு தூரத்துல நின்னோம், எல்லாம் போட்ருக்கேன். ஆனா தண்ணின்னு ஒருதடவ காதுல விழுந்துட்டுன்னா அவங்களுக்கு வேற எதுவும் கேக்காது. இதுல பதினாலு கையெழுத்து இருக்கு. ஒருத்தரும் ஆத்துக்கு வந்து பாக்கல. எழுதுன நீங்களும் பாக்கல, கையெழுத்தும் போடல. திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்து, 'தண்ணிய நான் பாக்கல, நானா எழுதுனேன்'னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

"டீச்சர், நான் கவர்மென்ட் வேலையில..."

"தெரியும் சார். எனக்கு இந்த வேல போனா வேற கெடைக்கும், கெடைக்காமயும் போகும். அது என் பாடு. பிள்ளைக இப்போ உக்காந்து நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டுன்னு எழுதிட்டு இருக்கு. எஸ்றா எழுதிட்டான் சார், எம்பது வரைக்கும். அங்கன மரத்துல எத்தனை கொக்குன்னு ஜன்னல் வழியாக் காட்டிக் கேட்டா, என் மூஞ்சியப் பாக்கான்."

எழுந்து போய்விட்டார். நகலை எடுத்துக்கொண்டு போகவில்லை.

7

முடிவுகள்.

அ) கமிட்டி அறை. மனு எழுதியவர் எழுந்து நிற்கிறார். குரல் தழுதழுக்க உண்மையைச் சொல்கிறார். செந்தூர்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மறுநாள் இளவெயிலில் பத்தொன்பது பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு... [வேண்டாம். இதை எழுதும்போதே எனக்கு வாய் இனிக்கிறது. எனக்கு வாய் இனித்தால் எங்கோ பொய் இருக்கிறது என்று அர்த்தம்.]

ஆ) ஞானையா சார் முழங்கால் வலியோடு தன்னந்தனியாகப் படித்துறைக்குப் போகிறார். இரண்டு நாள் எண்ணிப் பார்க்கிறார். இரண்டு விடை வருகிறது. தாளாளரே மனுவைக் கிழித்துவிடுகிறார். [அழகான முடிவு. யாரும் எதுவும் ஒப்புக்கொள்ளவேண்டாம். குறிப்பாக நான். அதனால்தான் இது எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. அடித்துவிட்டேன்.]

இ) அவர் போகவில்லை. திங்கட்கிழமை தலைவலி. செவ்வாய்க்கிழமை வேறு டீச்சர். கோமுவின் நோட்டில் ஐந்நூறு வரைக்கும் எழுத்து. நடராஜ் வீட்டுப் பந்தியில் இரண்டு நோட்டும் சுற்றுக்குப் போகின்றன. இதில் திருத்தவேண்டிய எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம், தடித்த புத்தகத்துக்கு அடியிலிருந்து முதல் பகுதியை எடுத்து, எல்லாப் பகுதிகளையும் வரிசையாக அடுக்கி விஜயஸ்ரீ கையில் கொடுத்தேன். அவள் அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். ஐந்தாம் பகுதியில் ஒருதடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து கடைசிவரை படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அதையும் ஒரு பகுதியாகப் போடலாம் என்று இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் புத்தி போனது.

"முடிவு எப்படி வைக்கதுன்னு தெரியல" என்றேன்.

"கதைய முடிக்கது இருக்கட்டும். நாளைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லியாச்சா?"

"கதையில அவர் போறதா வைக்கலாம்னு..."

"கதையில அவர் எங்க வேணும்னாலும் போகட்டும். உங்களக் கேக்கேன்."

காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்து இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன். செந்தூர்பாண்டி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று யோசிக்கிறேன். கையெழுத்துப் போட்ட அந்தப் பதினாலு வீடும் இதே வட்டாரத்தில்தான். பொய் மனு எழுதியவன் என்று என் அலுவலகத்துக்கு ஒரு வரி போனால் போதும். இந்தக் கதை மட்டும் நன்றாக வந்துவிட்டால் போகவே வேண்டியதில்லையோ என்றும் ஒரு நினைப்பு ஓடுகிறது. கதையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயிற்றே, அது கணக்கில் சேராதா? சேராது. அந்தக் கமிட்டியில் ஒருவரும் கதை படிக்கிறவர் இல்லை.

முடிவை என்னால் எழுத முடியாது. காலை பத்து மணிக்கு நான் போய்ச் சொன்னேன் என்று இங்கே எழுதுகிறேன் என்று வையுங்கள். நீங்கள் நம்பக்கூடாது. எட்டாவது பிரதியில் தண்ணீர் ஊற்றியவன் நான். போனேன் என்று எழுதுவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, உங்கள் கையையும் நடுங்கவைத்துவிடுவேன். ஆகவே நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போனான், போகவில்லை, இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். போனேன் என்றால் நம்புவதற்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள். போகவில்லை என்று எழுதியிருந்தால் உடனே நம்பியிருப்பீர்கள், இல்லையா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.